வீடு தேடி வந்த தராசு: குடும்பநல உத்தியோகத்தர் சேவை பற்றி ஒரு தாயின் மதிப்பீடு

2024 ஐப்பசியில் எனக்கு மகள் பிறந்தாள். இலங்கையின் வடக்கே, வன்னியின் பெரிய வைத்தியசாலை ஒன்றில் பிரசவம் நடந்தது. மூன்றாம் நாள் வைத்தியசாலையிலிருந்து துண்டு வெட்டிக்கொண்டு, ஏ-9 வீதியிலிருந்து 14 கிலோமீற்றர் உள்ளே, குளத்துக்குக் கீழே வயலோடு ஒட்டிய கிராமத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அன்றிலிருந்து பிள்ளைக்கு ஆறு மாதம் நிறையும் வரை எங்களுக்குக் கிடைத்த அரச குடும்பநல சேவையை, அதாவது ஊரில் எல்லோரும் ‘மிட்வைஃப் மிஸ்’ என்று அழைக்கும் உத்தியோகத்தரின் வீட்டு வருகைகளையும் மாதாந்தக் கிளினிக்கையும் பற்றியே இங்கு எழுதுகிறேன். ஐந்து சதம் செலவில்லாத சேவை என்பதால் அதை யாரும் எடை போட்டுப் பார்ப்பதில்லை. ஆனால் முதற்பிள்ளை பெறப்போகும் பெண்ணுக்கும் அவளைப் பார்க்கப்போகும் வீட்டாருக்கும், தொட்டில் எது, துவாய் எது என்பதைவிட இதைப்பற்றித் தெரிந்திருப்பது பயன்படும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வந்த சேவைக்கு முழுப் புள்ளியும் கொடுப்பேன். அதே உத்தியோகத்தர் அதே அக்கறையோடு கிளினிக்கில் செய்த சேவைக்குப் பாதிப் புள்ளிதான் கொடுக்க முடியும். ஆளில் குறையில்லை, இடந்தான் வேறு.

சேவை எப்படி அமைந்திருக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்ட காலத்திலிருந்து வளர்ந்து வந்த ஏற்பாடு இது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு குடும்பநல உத்தியோகத்தர் இருக்கிறார். ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒருவர் என்பது பொதுக் கணக்கு. பிரசவத்துக்குப் பின் முதல் 10 நாட்களுக்குள் இரண்டு தடவை, பிறகு 14 ஆம் நாளுக்கும் 21 ஆம் நாளுக்கும் இடையில் ஒரு தடவை, 42 ஆம் நாளை ஒட்டி ஒரு தடவை என்று அவர் வீட்டுக்கு வரவேண்டும். பட்டினத்தில் 3,000 பேர் நாலைந்து ஒழுங்கைகளுக்குள் அடங்கிவிடுவார்கள். வன்னியில் அந்த 3,000 பேருக்கு இடையே காடும் குளமும் வயல்வெளியும் யானை வேலியும் கிடக்கின்றன. முல்லைத்தீவு மாவட்டம் பரப்பில் யாழ்ப்பாண மாவட்டத்தைப்போல் இரண்டரை மடங்கு இருந்தும், 2012 கணக்கெடுப்பில் அங்கு ஒரு லட்சம் பேர்கூட இருக்கவில்லை. எங்கள் மிஸ் அயற்பிரிவையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய ஸ்கூட்டியின் முன்சில்லு மட்கார்ட்டில் எப்போதும் செம்மண் அப்பியிருக்கும்.

முதல் குறையும் இந்தப் பிரிவு முறையிலிருந்தே தொடங்கியது. கர்ப்பத்தின்போது நான் கணவரின் ஊரில் பதிந்திருந்தேன்; பிரசவத்துக்கு அம்மாவிடம் வந்தது வேறு பிரிவு. பிள்ளை பிறந்த தகவல் ஒரு பிரிவிலிருந்து மற்றதற்குப் போகவில்லை. நான்காம் நாள் மாலை வரை யாரும் வரவில்லை. அம்மா நிலையத்துக்கு நடந்துபோய்ச் சொன்ன பிறகே ஐந்தாம் நாள் காலையில் மிஸ் வந்தார். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போவது எங்கள் வழக்கம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தும், அந்த வழக்கத்துக்கு ஏற்றபடி தகவல் நகர்வதில்லை. ஆகவே எட்டாம் மாதத்திலேயே இரண்டு பிரிவு மிஸ்மாருக்கும் சொல்லி, இருவருடைய தொலைபேசி இலக்கத்தையும் வாங்கி வைத்திருங்கள். நாங்கள் இழந்த அந்த இரண்டு நாள் சிறிய விடயமன்று, ஏனெனில் அந்த இரண்டு நாளிலும் பிள்ளை மெலிந்துகொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் காலையை நான் விரிவாகவே எழுத வேண்டும். மிஸ் வந்ததும் கை கழுவித் துடைத்துவிட்டு, தன் பையிலிருந்து தொங்கு தராசை எடுத்து முகட்டு வளையில் மாட்டினார். துணி ஏணையை முதலில் வெறுமையாகத் தொங்கவிட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டு, பிறகு பிள்ளையை அதில் வைத்தார். பிறந்த நிறை 2.9 கிலோ, அன்று முள் 2.7 ஐத் தொடவில்லை. அம்மா உடனே “பால் காணாது போல, மாப்பால் கரைப்பமோ மிஸ்?” என்று கேட்டார். முதல் நாட்களில் பிள்ளை தன் நிறையில் பத்தில் ஒரு பங்கு வரை இழந்து, இரண்டு கிழமைக்குள் மீட்டுக்கொள்வது வழமை என்று விளங்கப்படுத்திய மிஸ், நேற்றிலிருந்து எத்தனை தடவை சலம் போனாள் என்று கேட்டார். நான்கு தடவை என்றேன். ஐந்தாம் நாளுக்குப் பின் ஆறு தடவையாவது போகவேண்டும் என்றார். பிறகு, மாப்பாலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“பிள்ளை, ஒருக்கா பால் குடுத்துக் காட்டுங்கோ. அவசரமில்லை, நான் இருக்கிறன்.”

அந்த ‘நான் இருக்கிறன்’ என்ற சொல்லைத்தான் நான் மதிப்பிடுகிறேன். வைத்தியசாலையில் எனக்குப் பால் கொடுக்கச் சொன்னவர்கள் பலர். கொடுப்பதை இருந்து பார்க்க அந்த வார்டில் ஒருவருக்கும் நேரமிருக்கவில்லை. மிஸ் பார்த்தார். நான் முலைக்காம்பைக் கத்தரிக்கோல்போல் இரண்டு விரலுக்கிடையில் பிடித்து, பிள்ளையின் வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தேன். பிள்ளையின் வயிறு கூரையைப் பார்த்தது, முகம் மட்டும் என் பக்கம் திரும்பியிருந்தது. காம்பு இரண்டும் வெடித்திருந்தன. அவள் வாய் வைக்கும்போதெல்லாம் நான் கால்விரல்களை மடக்கிக்கொண்டு பல்லைக் கடித்தேன். மிஸ் அம்மாவிடம் ஒரு பழைய சாரம் கேட்டு வாங்கி, அதை மடித்து என் முழங்கைக்கு அண்டை கொடுத்தார். பிள்ளையின் வயிறு என் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பினார். காம்பினால் அவளுடைய மேலுதட்டைத் தொட்டு, கொட்டாவி விடுமளவுக்கு வாய் திறக்கும்வரை பொறுத்திருக்கச் சொன்னார். திறந்ததும் பிள்ளையை மார்போடு அணைக்கவேண்டும், மார்பைப் பிள்ளையிடம் கொண்டுபோகக் கூடாது. மூன்று தடவை பிழைத்தது. ஒவ்வொரு தடவையும் சின்னி விரலை அவள் கடைவாயில் மெதுவாக விட்டுப் பிடியை விடுவித்துவிட்டு மீண்டும் வைத்தோம். நான்காம் தடவை நாடி மார்பில் அமிழ்ந்தது, கீழுதடு வெளியே பிதுங்கியது, காம்பைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டம் மேலே கொஞ்சம் தெரிந்து கீழே மறைந்தது. வலி ஒரு கணம் வந்து அடங்கியது. சடசடவென்று சப்பிக்கொண்டிருந்தவள் நிதானமாக, ஆழமாக இழுக்கத் தொடங்கினாள். இடையிடையே ‘க்ளக்’ என்று விழுங்கும் சத்தம் கேட்டது. ஐந்து நாளில் அந்தச் சத்தத்தை நான் கேட்டது அதுதான் முதற்தடவை. அம்மா வாசற்படியில் குந்தியிருந்து அழுதார்.

நாற்பது நிமிடம் போயிருக்கும். ஒன்பதாம் நாள் மீண்டும் வந்து அதே வளையில் தராசை மாட்டியபோது முள் 2.8 இல் நின்றது. பதினாறாம் நாள் சரியாக 3 கிலோ. ஒரு பேணி மாப்பாலும் வாங்கவில்லை. 2016 ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில் நம் நாட்டில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 வீதமானோர் தாய்ப்பால் மட்டுமே குடித்ததாகக் கண்டறிந்தார்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் இப்படிக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து பார்த்த எத்தனையோ மிஸ்மார் இருப்பார்கள் என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

அதே முதல் வருகையில் பிள்ளையைக் கதவடிக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் நெற்றி, நெஞ்சு, தொடை என்று விரலால் அழுத்தி எடுத்து மஞ்சள் எதுவரை இறங்கியிருக்கிறதென்று பார்த்தார். காலை வெயிலில் பிடித்தால் சரி என்று இருந்த எங்களுக்கு, உள்ளங்கையிலோ உள்ளங்காலிலோ மஞ்சள் தெரிந்தால், அல்லது பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து தூங்கினால், வெயிலை நம்பியிருக்காமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும் என்றார். தொப்புள்கொடியில் எண்ணெயோ பவுடரோ பூசாமல் காய்ந்து விழ விடச் சொன்னார். எனக்குக் காய்ச்சல், ஒரு மணித்தியாலத்துக்குள் பஞ்சுப்பட்டை முழுதும் நனையும் இரத்தப்போக்கு, துர்நாற்றம், ஒரு கால் மட்டும் வீங்கி நோதல், தாங்கமுடியாத தலையிடி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று வந்தாலும் இரவென்று பாராமல் 1990 இலக்கத்துக்கு அழைக்கும்படி, மகளின் இளஞ்சிவப்பு வளர்ச்சிப் பதிவேட்டின் அட்டையில் எழுதிவிட்டுப் போனார். வடக்கில் 2018 இலிருந்து ஓடும் இந்த இலவச அம்புலன்ஸ், இரவு எட்டு மணிக்குப் பின் வாகனம் பிடிக்க முடியாத எங்களைப் போன்ற ஊர்களுக்குப் பெரிய ஆறுதல்.

பத்தியத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பல வீடுகளில் மிஸ்மாருக்கும் பிள்ளையின் அம்மம்மாமாருக்கும் இதில்தான் முறுகல் வருகிறது. என் அம்மா பத்தியத்தில் அணுவளவும் விட்டுக்கொடுக்க மாட்டார். அதற்குக் காரணம் இருக்கிறது. என் தம்பி 2009 மாசியில் தறப்பாள் கொட்டிலில் பிறந்தான். அம்மாவுக்கு அப்போது சரக்குக் கறியும் இல்லை, மூலிகை அவித்த வேதுக் குளிப்பும் இல்லை, படுக்கப் பாயும் இல்லை. பிள்ளை பெற்ற நாலாம் நாள் தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர். தனக்குக் கிடைக்காத ஒவ்வொன்றையும் எனக்குச் செய்து பார்ப்பதில் அவருக்கு ஒரு வெறியே இருந்தது. கொத்தமல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, திப்பிலி எல்லாவற்றையும் அம்மியில் அரைத்து, உள்ளி முழுசு முழுசாகப் போட்டுச் சரக்குக் கறி. நல்லெண்ணெயில் வதக்கிய முருங்கையிலை. கிடைத்த நாளில் பால்சுறா வறை. நொச்சியும் பாவட்டையும் வேப்பிலையும் அவித்து வேது. ஆனால் தண்ணீர் மட்டும் தரமாட்டார், வயிறு வைத்துவிடுமாம். ஒரு நாளைக்கு அரைச் செம்பு. நாக்கு வறண்டு, மலச்சிக்கலில் தையல் நொந்து, நான் இரவில் களவாகக் குடித்தேன்.

மிஸ் அம்மாவோடு வாதாடவில்லை. அடுப்படிக்குப் போய், சரக்கில் என்னென்ன சேர்க்கிறீர்கள் என்று கேட்டார். ஒவ்வொன்றாகக் கேட்டு, எல்லாம் நல்லது, மீனும் முருங்கையிலையும் கட்டாயம் கொடுங்கள் என்றார். பிறகு, “அம்மா, பால் ஊறத் தண்ணி வேணும். வெறும் தண்ணி குடுக்க விருப்பமில்லாட்டி மல்லி அவிச்ச தண்ணியை ஒவ்வொரு முறை பால் குடுக்கேக்கையும் ஒரு கோப்பை குடுங்கோ” என்றார். அன்றிலிருந்து சுடுதண்ணீர்ப் போத்தல் என் தலைமாட்டில் நிறைந்தபடி இருந்தது, அம்மாவே நிரப்பி வைத்தார். வேதுத் தண்ணீர் தையலில் கொதிக்கக் கொதிக்கப் படக்கூடாது என்பதற்கும், பிள்ளைக்குச் சாம்பிராணிப் புகை காட்டக் கூடாது, அந்தச் சின்னச் சுவாசப்பைக்குப் புகை ஆகாது என்பதற்கும் அம்மா முகம் சுளித்தாலும் உடன்பட்டார். பத்தியத்தை மதித்த ஒருவர் சொன்னதால் உடன்பட்டார். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு போடக்கூடாது, கல்சியத்தையும் அதையும் ஒரே நேரத்தில் போடக்கூடாது என்பதும் அடுப்படியில் இருந்து என் தேநீர்க் கோப்பையைக் கண்ட பிறகு அவர் சொன்னதுதான். கிளினிக்கில் மாத்திரையை எண்ணித் தரும்போது இது எவர் கண்ணுக்கும் பட்டிருக்காது.

இனிக் கிளினிக். நாலாம் கிழமை தாய்க்கும் பிள்ளைக்குமான சோதனைக்குப் போனோம். காலை ஏழரைக்குப் போய், திரும்பும்போது பன்னிரண்டரை. நிழலில் இரண்டு வாங்கு. தாய்மார் முப்பது பேருக்குக் குறையாது. தையல் ஆறாதவளும் நின்றாள், எட்டாம் மாதக்காரியும் நின்றாள். பால் கொடுப்பதற்கு மறைப்பு இல்லாததால் நான் முச்சக்கரவண்டிக்குள் இருந்து கொடுத்தேன். நிறை, இரத்த அழுத்தம், வைத்தியரின் சோதனை எல்லாம் ஒழுங்காக நடந்தன. அதில் குறை சொல்லமாட்டேன். சத்துமாவான திரிபோஷா 750 கிராம் பைக்கற் இரண்டும் அன்று கிடைத்தன. அடுத்த மாதம் வரவில்லை, அதற்கடுத்த மாதம் கிடைத்தன. தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்துப் பிசைந்து உருண்டையாகச் சாப்பிட்டால் பின்னேரப் பசிக்கு நன்றாகவே தாங்கும்.

அங்கே நடந்த ஒரு விடயம் மட்டும் எனக்கு இன்றும் உறுத்துகிறது. தாயின் மனநிலையை அறிவதற்கான பத்துக் கேள்விப் படிவம் ஒன்றை நிரப்பத் தந்தார்கள். உலகமெங்கும் பயன்படும் நல்ல படிவம் அது. கடைசிக் கேள்வி, தனக்குத் தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதை நான் வாங்கில் இருந்து, ஒருபக்கம் மாமியும் மறுபக்கம் எனக்குத் தெரிந்த மாணவி ஒருத்தியின் தாயும் எட்டிப்பார்த்துக்கொண்டிருக்க நிரப்பினேன். நான் ஒரு ஆசிரியை. இரவில் பிள்ளை தூங்கிய பிறகும் எனக்குத் தூக்கம் வரவில்லை, கிணற்றடிக்குப் போகப் பயமாயிருந்தது, காரணமில்லாமல் அழுகை வந்தது. படிவத்திலோ எனக்கு ஒரு குறையும் இல்லை என்றபடியே எல்லாவற்றுக்கும் கோடிட்டேன். கூட்டிப் பார்த்த தாதி “நல்லது” என்று சொல்லிக் கோப்பில் வைத்தார். பொய் சொன்னது நான்தான். ஆனால் அந்த வாங்கில் உண்மை எழுதக்கூடிய பெண் எங்கள் ஊரில் இருக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

42 ஆம் நாள் வருகை கார்த்திகை வெள்ளத்தில் தள்ளிப்போனது. குளம் வான்பாய்ந்து மதகுக்கு மேலால் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஐம்பதாம் நாள், முழங்கால் வரை நனைந்து, தராசுப் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மிஸ் வந்தார். பிள்ளையை நிறுத்தார், தையலைப் பார்த்தார், குடும்பக்கட்டுப்பாட்டு முறைகளைச் சொன்னார். பிறகு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அம்மாவிடம் திரும்பி, குளிருது, ஒரு தேத்தண்ணி ஊத்தித் தருவீர்களோ என்று கேட்டார். முந்தைய மூன்று வருகையிலும் ஒரு மிடறு தண்ணீர்கூடக் கேட்காதவர். அம்மா அடுப்படிக்குப் போனதும் குரலைத் தாழ்த்தி, “பிள்ளை தூங்கேக்க நீங்களும் தூங்குறீங்களோ?” என்றார். நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கிணற்றையும் சொன்னேன். அவர் வியப்புக் காட்டவில்லை, புத்தி சொல்லவில்லை. இப்படி வருவது ஒரு நோய், பிள்ளை பெற்ற பலருக்கு வருகிறது, மருந்திருக்கிறது, பால் நிறுத்தத் தேவையில்லாத மருந்தும் இருக்கிறது என்றார். அடுத்த கிழமை வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் வைத்தியரைச் சந்திக்க நாளும் எடுத்துத் தந்தார். அம்மாவிடமும் கணவரிடமும் எதைச் சொல்வது என்று என்னையே கேட்டு, அதையே சொன்னார்: இரவில் நான் தனியே இருக்கக்கூடாது, பிள்ளையை ஒரு நேரமாவது வேறொருவர் பார்க்க நான் நான்கு மணித்தியாலம் தொடர்ந்து தூங்கவேண்டும். மார்கழி முழுக்கக் கணவர் அதைச் செய்தார். பால் கறந்து கோப்பையில் வைத்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் பருக்குவதற்கும் பழகிக்கொண்டார். தைப்பொங்கலுக்கு நானே கோலம் போட்டேன்.

ஐம்பதாம் நாளுக்குப் பிறகு வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. இரண்டாம், நான்காம், ஆறாம் மாதத் தடுப்பூசிக்கு நாங்கள்தான் கிளினிக்குக்குப் போனோம். ஒழுங்கு அப்படித்தான் என்பது விளங்குகிறது. இரண்டு பிரிவைச் சுமக்கும் ஒருவரிடம் இதற்கு மேல் கேட்பது நியாயமில்லை. ஆனால் மூன்றாம் மாதத்தில் தாய்வீட்டிலிருந்து கணவன் வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு தடவையாவது யாரும் வந்து பார்த்திருக்கலாம். கைமாற்றிக் கவனித்த தாயும் இல்லாமல், தெரிந்த மிஸ்ஸும் இல்லாமல் பெண் திரும்பத் தனியாகும் கிழமை அது. பிரிவுகளின் வெற்றிடங்களை நிரப்பி, அந்த ஒரு வருகையைச் சேர்க்கவேண்டும் என்று பொறுப்பானவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். கிளினிக்கில் இன்னும் நாலு வாங்கும், பால் கொடுக்க ஒரு மறைப்பும், அந்தப் படிவத்தை நிரப்பக் கதவுள்ள ஓர் அறையும் போதும்; அவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை.

வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். மழை, வெயில், தூரம் என்று இரங்கி, “மிஸ், நீங்கள் வரத்தேவையில்லை, நாங்கள் கிளினிக்குக்குக் கொண்டு வாறம்” என்று சொல்லிவிடாதீர்கள், வரச்சொல்லுங்கள். வரும்போது கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு வையுங்கள், கைகழுவத் தண்ணீரும் சவர்க்காரமும் வாசலில் இருக்கட்டும். பிறகு எல்லோரும், மாமியும் கணவரும் பெற்ற தாயும்கூட, ஒரு கால்மணி நேரம் முற்றத்துக்குப் போய்விடுங்கள்.